பிறந்த வீட்டுக் கோடி

1. மூன்று கேள்விகள்

குளுவாங்கில் ஈமச்சடங்கு வேன் ஓட்டி, பெட்டி இறக்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. துக்க வீட்டில் நுழைந்ததும் மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? கொள்ளி யார்? பெண்ணாக இருந்தால், பிறந்த வீட்டுக் கோடி வந்துவிட்டதா?

புருஷன் இருக்கும்போது போகிற பெண்ணுக்குக் கடைசியாகக் கட்டும் புதுச் சேலை அண்ணன் தம்பி கையால் வரவேண்டும். வரத் தாமதமானால் மின்சுடலைக்குப் போன் போட்டு நேரத்தைத் தள்ளி வாங்குவேன். சிம்பாங் ரெங்கத்தில் முன்பின் தெரியாத ஒரு தம்பிக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் நியாயம் தெரிந்தவன் நான்.

2. என் வீடு

லாயாங் லாயாங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் என் மனைவி சரோஜா இறந்த அன்று, கூட வேலை செய்யும் குணா அதே கேள்வியைக் கேட்டான்.

"அண்ணே, அண்ணிக்குப் பொறந்த வீட்டுக் கோடி?"

"வராது. நம்ம கடையில இருந்து ஒண்ணு எடுத்துட்டு வா."

பாலோவில் இருக்கும் அவள் அண்ணன், தன் மகள் கல்யாணக் கார்டைத் தபாலில் அனுப்பினார். நேரில் வந்து அழைக்கவில்லை என்று எனக்குப் பதினோரு வருஷமாக வீராப்பு. சாவுக்குக்கூடச் சொல்லி விடவில்லை. குணா வேன் சாவியை எடுத்தான்.

3. அலமாரி

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கருமாதி முடிந்து எல்லாரும் போன பிறகு, அவள் துணிமணிகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். அடியில் பிளாஸ்டிக் பையில் மடிப்புக் கலையாத மஞ்சள் சேலை. மேலே அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'பாலோ அண்ணன் கொடுத்த கோடி. இதைக் கட்டவும்.'

எத்தனையோ குடும்பங்களிடம் "முன்கூட்டியே பேசி வைங்க" என்று சொன்னவன் வீட்டில், அவள் என்னிடம் சொல்லப் பயந்து சீட்டு எழுதியிருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு பாலோவுக்குப் போன் போட்டேன். சாவுச் செய்தி யார் மூலமோ அவருக்கு எட்டியிருந்தது.

"மச்சான், அந்தச் சேலை..."

"போன தைப்பூசத்துல பாத்தப்ப அவதான் கேட்டா மாப்ள. 'நான் செத்தா உன்னைக் கூப்பிட மாட்டாரு, இப்பவே குடுத்துரு'ன்னா. கட்டி அனுப்புனீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல மச்சான். இப்பத்தான் பாத்தேன்."

அவர் போனை வைத்துவிட்டார். திரும்ப அழைக்கவில்லை.

4. நான்காவது கேள்வி

இப்போது தங்கள் ஈமச்சடங்குக்கு முன்கூட்டியே பதிய வருகிறவர்கள் பெட்டி, பூ எல்லாம் பார்த்து முடித்ததும், கூட வந்தவரை வெளியே தேநீர் குடிக்க அனுப்பிவிடுகிறேன். தனியாக ஒன்று கேட்பேன்: "உங்க வீட்டுல யாருக்குச் சொல்ல மாட்டாங்க? அந்த நம்பரைக் குடுங்க." பாதிப் பேர் உடனே கொடுக்கிறார்கள்.

போன மாதம் என் பதிவுப் படிவத்தையும் நானே நிரப்பினேன். கொள்ளிக்குக் குணா. சொல்லவேண்டியவர் என்ற இடத்தில் ஒரே நம்பர்தான், பாலோ நம்பர். குணா படித்துப் பார்த்தான்.

"வருவாரா அண்ணே?"

"தெரியாதுடா. நீ சொல்லிரு."