காஞ்சனா நிரப்பிய பாரம்

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. காஞ்சனாவுக்குத் தேநீர் இடைவேளை மூன்றரைக்கு, பதினைந்தே நிமிடம். கூலிம் ஹைடெக் பூங்காவில் மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை முடிய ஏழு மணி. தலையுறையும் கையுறையும் கழற்றி மாட்டுகிற நேரம் போக மீந்த பதினொரு நிமிடத்தில் கைப்பேசியில் விண்ணப்பப் பாரத்தின் கடைசி மூன்று பக்கங்களை முடித்து அனுப்பியாக வேண்டும்.

பாரம் புக்கிட் மெராந்தி தோட்டத்து மக்களுடையது. குருண் பட்டணத்திலிருந்து உள்ளே போனால், செம்பனை மரங்களுக்கு நடுவே தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருபத்தெட்டு மிச்சம் இருக்கின்றன. காஞ்சனா பிறந்தது அங்கேதான். கல்யாணமாகிச் சுங்கைப் பட்டாணிக்கு வந்து பத்தொன்பது வருடம். மலாய் நன்றாக எழுதுவாள் என்பதால் தோட்டத்தில் பிறப்புப் பத்திரம் முதல் மின்கட்டணப் புகார் வரை எதுவானாலும் அவளுக்குத்தான் அழைப்பு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள்.

இந்த முறை வந்தது ஓர் அறநிறுவனத்தின் சிறு மானியம். குடியிருப்பவர்களே தங்கள் இடத்துக்குத் திட்டம் வரைந்துகொள்ள எட்டாயிரம் வெள்ளி. குடியிருப்பாளர் குழுத் தலைவர் தர்மலிங்கம் லாரி ஓட்டுபவர், காரியக்காரர்.

"நாளைக்கு எவனாச்சும் நிலத்த அளக்க வந்தா, கையில ஒரு பிளான் இருக்கணும் காஞ்சனா. இது கோயிலு, இது தண்ணி போற வழி, இது பாலர் பள்ளின்னு. ஆள் வச்சு ஒழுங்கா போட்டுறணும்லா."

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் தோட்டம் கைமாறியது. வாங்கிய கம்பெனி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஓர் அறிவிப்பை ஒட்டியது. அதில் கொட்டை எழுத்தில் ஒரு சொல்: செத்திங்கான். அடுத்தவன் நிலத்தில் அனுமதியில்லாமல் குடிசை போட்டவன். மூன்று தலைமுறையாகத் தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்த குடும்பங்களுக்கு அந்தப் பேர். அன்றிலிருந்து வக்கீல் கடிதம் போவதும் வருவதுமாக இருக்கிறது. காஞ்சனாவின் அத்தை பாப்பம்மா முப்பத்து நான்கு வருடம் ரப்பர் பால்மரம் வெட்டியவள். மலாயில் அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது இந்த ஒரே சொல்தான். தன் கதவிலேயே பார்த்துப் பார்த்து அதன் ஒன்பது எழுத்தும் கண்ணில் பதிந்துவிட்டன.

பாரத்தின் ஏழாம் பக்கத்தில் குடியிருப்பின் வகை கேட்டிருந்தார்கள். வீடமைப்புப் பகுதி, ஒழுங்கமைந்த கம்பம் என்கிற கிராமம், செத்திங்கான். தோட்டம் என்று ஒரு கட்டமே இல்லை. நான்காவதாக 'மற்றவை' இருந்தது. அதைத் தொட்டால் இருநூறு சொல்லில் விளக்கமும் ஆதாரப் பத்திரமும் கேட்டது. ஆறு நிமிடம் பாக்கி. காஞ்சனா மூன்றாவது கட்டத்தைத் தட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு தாளில் ஒன்றும் மறு தாளில் வேறொன்றும் இருந்தால் அது கழிவுப் பெட்டிக்குப் போகும். முன் பக்கங்களில் 'தோட்டக் குடியிருப்பாளர்' என்று அவளே எழுதியிருந்தது இப்போது பொருந்தவில்லை. திரும்பிப் போய் நான்கு இடத்திலும் 'செத்திங்கான் குடியிருப்பாளர்' என்று மாற்றினாள். அதில் ஒன்று திட்டத்தின் பேர். கடைசிக் கட்டத்தில் தன் அடையாள அட்டை எண்ணைப் போட்டு அனுப்பினாள். பிழை இல்லை என்று திரை பச்சையாகச் சொன்னது. நிம்மதியாகத் தலையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இடத்தைப் பார்க்க அறநிறுவனத்திலிருந்து தலீலா வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண், தமிழ் சரளமாகப் பேசினாள். கோயில் கொட்டகையில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். முதல் சுற்றில் தேறிவிட்டீர்கள் என்று சொல்லி, மாஜோங் பேப்பர் எனப்படும் பெரிய வெள்ளைத் தாள்களைத் தூணுக்குத் தூண் ஒட்டினாள். முதல் தாளில் தடித்த பேனாவால் திட்டத்தின் பேரை எழுதினாள். மற்றத் தாள்களில் நீங்களே உங்கள் வீட்டை வரையுங்கள் என்றாள்.

பாப்பம்மா எழுந்து முதல் தாளுக்குக் கிட்டே போனாள். விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினாள்.

"ஏம்மா, நாலாவதா எழுதியிருக்கியே, அது செத்திங்கான் தானே?"

தர்மலிங்கம் வந்து பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"யாரும்மா எங்களுக்கு இந்தப் பேரு வச்சது? கம்பெனிக்காரன் லாயர் கடுதாசியில கூப்பிடுற பேரு. ஒங்க ஆபீசுலயும் அதே பேரா?"

தலீலா கையிலிருந்த நகலைப் புரட்டி, அனுப்பியவர் பேரைப் பார்த்தாள். அவள் கண் ஒரு தடவை நிமிர்ந்து, தேநீர் மேசைக்குப் பின்னால் நின்ற காஞ்சனாவிடம் வந்து போனது. காஞ்சனா தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினாள்.

"ஆபீஸ்ல டைப் பண்றப்ப தப்பாயிருக்கும் அண்ணே. சோரி."

"டைப் பண்றப்ப ஒரு எழுத்து மாறும்லா," என்றாள் தர்மலிங்கத்தின் மகள் நளினி. "இங்க ஆளே மாறியிருக்காங்க."

சிலர் சிரித்தார்கள். பாப்பம்மா சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள. மூஞ்சி லட்சணமாத்தான் இருக்கு. கைதான் சரியில்ல."

தலீலா தாளைக் கிழித்துச் சுருட்டினாள். காஞ்சனா அடுக்கிய பிஸ்கட்டைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்குத் துணிவு வரவில்லை.

தலீலா காருக்குப் போனபோது காஞ்சனா பின்னாலேயே ஓடினாள்.

"தலீலா, எனக்காகப் பொய் சொல்லிட்டியேம்மா."

"ஒங்களுக்காக இல்லக்கா. அங்க வச்சு ஒங்க பேரச் சொன்னா கூட்டமே கலைஞ்சிரும்." தலீலா கதவைத் திறந்தபடி நின்றாள். "ஆனா விஷயம் இதோட முடியல. செவ்வாக்கிழமை பேனல் கூடுது. பாஸாயிரும், ஒங்க பாரம் நல்லாதான் இருக்கு. பாஸானா திட்டத்தோட பேர வெப்சைட்ல போடுவாங்க. யாரு வேணாலும் பாக்கலாம்."

"கம்பெனி லாயரும்."

"அவங்களும்தான். இவங்களே தங்களச் செத்திங்கான்னு எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு காட்டலாம்."

"அந்த வார்த்தைய மட்டும் மாத்த முடியாதா?"

"அனுப்புன பாரத்த மாத்த முடியாதுக்கா. விண்ணப்பிச்சவங்க வேணாம்னு மீட்டுக்கலாம். அடுத்த சுற்று அடுத்த வருஷம்." கொஞ்சம் யோசித்து, "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிருச்சுன்னு சொல்லிக்கங்க. என்னத் திட்டுனது திட்டுனதாவே இருக்கட்டும்," என்றாள்.

கார் செம்பனைகளுக்குள் மறைந்தது. வழி சுலபமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, அடுத்த வாரம் வந்து உதட்டைப் பிதுக்கினால் போதும். காஞ்சனா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற எண்ணத்தில்தான் கொட்டகைக்குள் வந்தாள்.

தர்மலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தார். முன்னால் வெள்ளைத்தாளும் பேனாவும்.

"வா காஞ்சனா, உக்காரு. அந்தப் பொண்ணு மேல ஒரு கம்ப்ளேன் எழுதணும். நேரா அவ மேலாளுக்கு. மலாய்ல நல்லா சூடா எழுது."

"வேலையே போயிரணும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

காஞ்சனா உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். தேதி போட்டாள். அதற்குமேல் கை ஓடவில்லை.

"அண்ணே, அது நான் எழுதுனது."

"என்னது?"

"செத்திங்கான்னு பாரத்துல நான்தான் போட்டேன். நாலு எடத்துல. அந்தப் பொண்ணு என்னக் காட்டிக் கொடுக்கல."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. கட்டம் இல்லாததைச் சொன்னாள். ஐந்து மணிக் கெடுவைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையையும் வெப்சைட்டையும் சொன்னாள். தர்மலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அந்த வார்த்தைய எழுதுறப்ப உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

தோன்றியது, அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். ஆனால் உண்மை வேறு. எழுதும்போது அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. தொழிற்சாலையில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் சுங்கைப் பட்டாணி என்பாள். லயத்து வீடு என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் மண்சாலையில் காரை மெல்ல ஓட்டிக்கொண்டு வரும்போது, இந்தத் துருப்பிடித்த தகரக் கூரைகளைப் பார்த்துவிட்டு, நல்ல வேளை தப்பித்தோம் என்று நினைத்திருக்கிறாள். அந்தச் சொல் அவளுக்குள் எப்போதோ பொருந்திப் போயிருந்தது.

"தோணலண்ணே," என்றாள்.

தர்மலிங்கம் தலையை ஆட்டினார். மேசையிலிருந்த கோப்பினை எடுத்தார். வக்கீல் கடிதங்கள், செக்ரோல் நகல்கள், அளவுகள், எல்லாம் அவள் ஒழுங்குபடுத்தி வைத்த கோப்பு. அதை நளினியிடம் கொடுத்தார்.

"நீயும் வேலைக்குப் போறவ. உனக்கு ஏது நேரம். இனி இவ பாத்துக்குவா."

அவர் குரலில் கோபம் இல்லை, விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை இருந்தது.

"மொதல்ல அத மீட்டுரு," என்றாள் நளினி. "எங்க கண்ணு முன்னாடி."

காஞ்சனா கைப்பேசியை எடுத்தாள். பாரம் திறந்தது. மீட்டுக்கொள்ளக் காரணம் கேட்டது. அவள் தட்டச்சு செய்தாள். விரல் பிசகிப் பிசகி அழித்து எழுதினாள். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா எழுதியிருக்க? தமிழ்ல சொல்லு," என்றாள் பாப்பம்மா.

"வகையைத் தவறாகக் குறித்தது விண்ணப்பித்தவரின் பிழை. நாம செத்திங்கான் இல்ல. நாம இந்தத் தோட்டத்துத் தொழிலாளிங்களோட பிள்ளைங்க. அப்படின்னு எழுதியிருக்கேன் அத்தை."

பாப்பம்மா கையை நீட்டி மறித்தாள்.

"நாம இல்ல," என்றாள். "நாங்கன்னு சொல்லு. அந்த ஆபீசுக்குத்தானே எழுதுற."

திரையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மலாயில் அவள் எழுதியிருந்தது 'காமி'. அதற்குப் பொருளே, கேட்பவரைச் சேர்க்காத 'நாங்கள்'தான். காஞ்சனா மறுபடியும் முதலிலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "நாங்க செத்திங்கான் இல்ல" என்று வாசித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.