அக்டோபர் மாதத்துக் கடிதம்

கருமத்தம்பட்டி மோகனப்பிரியாவுக்குக் கல்யாணமான பதினெட்டாம் நாள், கணவன் கிருபாசங்கர் ஜெர்மனிக்கு விமானம் ஏறினான். அங்கே தறி மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை. மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டார்கள். மூன்று மாதம் ஆகும், கூடவும் ஆகலாம் என்றது தூதரகம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் போதும், கையில் கரண்டியோ துடைப்பமோ, அதோடு வாசலுக்கு ஓடினாள் மோகனப்பிரியா.

அப்படி ஓடிய ஒருநாள் கடிதம் வந்தது, விசா வரவில்லை. திருமணத்தைப் பதிவு செய்ததே பயணத்துக்கு மூன்று நாள் முன்புதானே, சேர்ந்து வாழ்ந்ததும் பதினெட்டு நாள்தானே, உறவு நீடிக்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். மாதவாரியாகக் கடிதங்கள் வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்போடு. சடங்கு செய்துவைக்கும் அருமைக்காரர் முன்னின்று நடத்தி, ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாணம் அது. சாப்பிட்டவர்கள் யாரும் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

கிருபாசங்கருக்குப் பேனா பிடிப்பது வேப்பங்காய். ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்வதோடு சரி. எழுதியதெல்லாம் இவள்தான். அவன் அத்தனையையும் கட்டி ரிஜிஸ்டர் தபாலில் திருப்பி அனுப்பினான். பிரித்துப் படித்தவள் அக்டோபர் கடிதத்தை மட்டும் எடுத்துக் கைப்பைக்குள் ஒளித்தாள். அதில் எழுதியிருந்ததை அவளே மறந்துபோயிருந்தாள்.

கோயமுத்தூருக்குத் தனியாகப் போய்வரத்தான் நினைத்தாள். மாமியார் நாச்சியம்மாள் விடவில்லை.

"ஒத்தையில எப்படிப் போவ கண்ணு? இரு, நானும் வாரேன்."

கோர்ட்டுப் பக்கம் சின்ன அறையில் மொழிபெயர்ப்பு செய்துகொடுத்தார் சென்னகேசவன். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். எதையும் வகுப்பில் வாசிப்பதுபோல உரக்கப் படித்த பிறகுதான் எழுத ஆரம்பிப்பார். இவள் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். செப்டம்பர் தொல்லையில்லாமல் முடிந்தது.

"அக்டோபரைக் காணமேம்மா?"

"அந்த மாசம் எழுதலைங்க சார்."

"எழுதுனியே அம்மணி," என்றாள் நாச்சியம்மாள். "நாந்தான கொண்டுபோயிப் பொட்டியில போட்டேன்."

மாமியாருக்கு எழுத்து வாசனை கிடையாது, ஞாபகம் மட்டும் அபாரம். மோகனப்பிரியா கைப்பையிலிருந்து அந்த ஏர் லெட்டரை எடுத்து நீட்டினாள். சென்னகேசவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் அம்மா பாலை அளந்து வைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகிறார்கள். இரண்டாவது காபி கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டில் நான் மருமகளா வேலைக்காரியா என்றே தெரியவில்லை..."

அவர் குரல் தானாகவே தாழ்ந்து நின்றது. மோகனப்பிரியாவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"அத உட்டுருங்க சார்," என்றாள்.

"மாசம் விட்டுப்போனா கேள்வி வரும்மா."

நாச்சியம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "எழுதிப்போடுங்க வாத்தியாருங்க. மாமியாளப் பத்தி ஒரு கொறையும் இல்லாம பொண்டாட்டி கடுதாசி எழுதுனா எந்த ஊரு ஆபீசருங்க நம்புவாரு?"

மறுநாள் காலை முதல் காபி குடித்து முடித்ததும், நாச்சியம்மாள் இரண்டாவது டம்ளரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கடிதங்கள் போன பிறகும் பதில் வர ஐந்து மாதம் ஆனது. இத்தனை நாள் விசாவுக்காகத் தவித்தவள், இப்போது அந்த டம்ளரிலிருந்து தப்பிப்பதற்காகவும் தவித்தாள். கணவனுக்கு எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

புரட்டாசியில் விசா வந்தது. கோயமுத்தூர் ஜங்ஷனில் ரயில் புறப்படும் நேரம், நாச்சியம்மாள் ஜன்னலருகே வந்தாள்.

"அங்க அவன் எதுனாச்சும் சொல்லிப்போட்டான்னா, எம்பட பேருக்கே எழுது கண்ணு. படிச்சுச் சொல்ல ஆளிருக்குது."

ஐந்து மாதமாக மனதுக்குள் எழுதி எழுதி அடித்து வைத்திருந்ததை மோகனப்பிரியா அப்போதாவது சொல்லிவிட நினைத்தாள். இரண்டாவது காபி கேட்க வராத வாய், மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.