இடுகாட்டுப் பாதை

கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் லோர்னா ஸ்டேஸ் உட்காரவே இல்லை. கெல்பர்ன் வட்டார மன்றக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வட்டாரத்திலேயே சிறிய ஊரான வாண்டில்லாவுக்கு அவள்தான் கவுன்சிலர். கணவன் ரெக்ஸ் இருந்தவரை அந்த நாற்காலி அவனுடையது. அவன் போன பிறகு வேறு யாரும் முன்வராததால் போட்டியின்றி அவளிடம் வந்தது. அதுவரை ஆடு மேய்த்ததும், கம்பளி கத்தரிக்க வருபவர்களுக்குச் சமைத்துப் போட்டதும்தான் அவள் கண்ட உலகம்.

அடுத்த விஷயம் வாண்டில்லா இடுகாட்டுப் பாதை. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் மன்றத்தின் கிரேடர் இயந்திரம் வந்து அதைச் சமப்படுத்திவிட்டுப் போகும். செலவைக் குறைக்க இனி அது வேண்டாம் என்பது தீர்மானம். அந்தக் கரிசல் மண்ணில் ஒரு மழை போதும், சவ ஊர்தி அச்சுவரை இறங்கிவிடும். பாதையின் முடிவில் ரெக்ஸ் கிடக்கிறான்.

ஆனால் அவளுடைய பண்ணையின் பின்வாசலும் அதே பாதையில்தான் இருந்தது. மன்ற விதிப்படி, ஒரு தீர்மானத்தில் சொந்த ஆதாயம் உள்ளவர் அதைச் சொல்லிவிட்டு, வாக்கெடுப்பு முடியும்வரை வெளியே நிற்க வேண்டும்.

பக்கத்துப் பண்ணைக்காரரும் கவுன்சிலருமான மர்வின் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

"அந்த வாசல்ல நீ ஒரு ஆட்டைக்கூட ஓட்டறதில்லையே, லோர்னா. யாருக்கு ஞாபகம் இருக்கு? பேசாம உக்காரு. எதிர்க்கறது நாம நாலு பேரு, மேயரோட சேத்து அவங்க மூணு."

"எனக்கு ஞாபகம் இருக்கே."

"ரெக்ஸ் மாதிரியே பேசற. அவனும் இப்படி வெளிய போய் நின்னே பாதி கூட்டத்தைக் கக்கூஸ் வாசல்லதான் கழிச்சான்."

கூட்டம் மறுபடி தொடங்கியதும் அவள் பின்வாசலைப் பற்றிச் சொல்லிவிட்டு வெளியேறினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குரல்கள் எழுந்து தணிந்தன. சுவரில் கோணலாகத் தொங்கிய ஒரு படத்தை நேராக்கினாள். திரும்பி வந்து மறுபடி நேராக்கினாள்.

கதவு திறந்தபோது மர்வின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாக்குகள் சமமாக வந்ததாகவும், தன் இரண்டாவது வாக்கைத் தீர்மானத்துக்கே போட வேண்டியிருந்ததாகவும் மேயர் மெதுவாகச் சொன்னார். லோர்னா உள்ளே போய், குப்பைத் தொட்டிகள் பற்றிய அடுத்த வாக்கெடுப்பில் கை தூக்கினாள்.

மறுநாள் காலை மேற்கே வானம் கறுத்திருந்தது. பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைச் சங்கிலியால் டிராக்டரில் கட்டி, மண்ணைச் சமப்படுத்தியபடி பாதை நெடுக இழுத்துக்கொண்டு போனாள். தன் வாசலைத் தாண்டியும் நிறுத்தவில்லை. இடுகாட்டுக்குப் பக்கத்தில் எதிரே வந்த மர்வின் வண்டியை ஓரங்கட்டினார்.

"மன்றத்துப் பாதையில அனுமதி இல்லாம வேலை செய்யக் கூடாதுங்க, கவுன்சிலரம்மா."

"புகார் எழுதிக் குடு. அது கூட்டத்துக்கு வந்தா, நான் வெளிய போயிடறேன்."

மர்வின் இறங்கிப்போய் இடுகாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.