தொண்ணூறில் உதறும் வண்டி

அபொண்டிக்கு மனிதர்கள் மேல் அருவருப்பு அதிகம். ஏரிக்கரை நகரமான கிசுமுவின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வீல் பேலன்சிங் செய்து பிழைக்கிறவள் வாடிக்கைக்காரர்களைப் பார்த்து இப்படி முகம் சுளிக்கலாமா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பதினோரு வருடமாக அவள் பார்த்த டிரைவர்களை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஸ்டியரிங் உதறினால் ஒருத்தன் ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொள்வான். இன்னொருத்தன் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு "இப்ப உதறல பாருங்க" என்பான். இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். வேறொரு ஜாதி இருக்கிறது. தொண்ணூறில் உதறுகிற வண்டி நூற்றுப்பத்தைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். அதனால் பின்னால் பதினான்கு பேரை அடைத்துக்கொண்டு நூற்றுப்பத்திலேயே பறப்பார்கள். இந்த அறிவாளிகளைக் கண்டால் அவளுக்குக் குமட்டும்.

"அடங்கிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா? உன் கைக்குத் தெரியல, அவ்வளவுதான். கீழ சக்கரம் குதிச்சுக்கிட்டேதான் இருக்கு. இறங்குடா கீழ!" என்பாள்.

அவள் அலேகோப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதனால் ஊரில் எல்லாருக்கும் அலேகோக்காரி. புருஷன் நைரோபியில் வேறொருத்தியோடு இருக்கிறான். அவனைப் பற்றி யாராவது கேட்டால் தரையில் துப்புவாள். கடை வைப்பதற்கு முன் ஆறு வருடம் மட்டாட்டு என்கிற ஷேர் வேனில் கண்டக்டராக இருந்தாள். படிக்கட்டில் நின்றபடியே, உதறல் எந்தப் பக்கத்துச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று உள்ளங்காலால் கண்டுபிடிக்கப் பழகினாள். பிறகு சீட்டு போட்டு ஒரு பழைய பேலன்சிங் இயந்திரத்தை வாங்கினாள். டயரை ரிம்மோடு அதில் மாட்டிச் சுற்றவிட்டால் எங்கே எத்தனை கிராம் குறைகிறது என்று காட்டும். அந்த இடத்தில், ரிம்மின் விளிம்பில், ஒரு சின்ன ஈயக் கட்டியைச் சுத்தியலால் தட்டி மாட்டுவாள். இதுதான் தொழில்.

இந்த இரண்டு வருடத்தில் தொழில் நன்றாகவே ஏறியது. டிரைவர்கள் சங்கத்தின் நாற்பது வேன்களும் அவளிடம்தான் வந்தன. ஒவ்வொன்றும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த கூரையை மாற்றினாள். இரண்டாவது இயந்திரம் வாங்கினாள். "என்னை நம்பி வர்றாங்க" என்று யாரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர் சங்கத் தலைவர் நியாங்வேசோ. அவர் தேவாலய சபைக்கு மூப்பரும்கூட. ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசை நாற்காலி அவருடையது. மூன்று வேன்களும் ஏரியில் ஒரு படகும் வைத்திருந்தார். அவருடைய வேன் ஒன்று ஆறு வாரத்தில் மூன்றாவது முறையாக உதறியது. இரண்டாவது முறையே சண்டை போட்டுவிட்டுப் போனவர், ஒரு செவ்வாய்க்கிழமை கடைவாசலில் நாலு பேர் பார்க்க நின்று சத்தம் போட்டார்.

"ஏம்மா, நீ ஈயம் மாட்டுறியா, எச்சில் தொட்டு ஒட்டுறியா? போன மாசமும் இதே வண்டி, இப்பவும் இதே வண்டி. ஊரை ஏமாத்திப் பிழைக்கிற பொழப்பு ஒரு பொழப்பா?"

"மூப்பரே, வார்த்தையை அளந்து பேசுங்க."

"வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்துல பேசிக்கிறேன். ரவுண்டானா பக்கம் புதுக் கடை வந்திருக்கு. நாப்பது வேனும் இனி அங்கதான் போகும். உன் கைவேலை லட்சணம் என்னன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் அனுப்புவேன்."

வேன்கள் போனால் வயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். கைவேலை மோசம் என்று சங்கத்தில் பெயர் கெட்டால் கிசுமுவில் ஒரு சைக்கிள்கூட அவள் கடைக்கு வராது. வெள்ளிக்கு நடுவே இரண்டே நாள் இருந்தது.

அன்றே அந்த வேனை அஹெரோ சாலைக்கு எடுத்துப்போனாள். வேனின் டிரைவர் ஓபுரா பக்கத்தில் உட்கார்ந்தான். நெல்வயல்களுக்கு நடுவே சாலை நேராக ஓடும் இடம் அது. அறுபதில் ஒன்றுமில்லை. எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் மெல்ல ஊறல் எடுத்தது. தொண்ணூறில் மணிக்கட்டு வரை ஏறியது. இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு இருக்கையை முதுகால் கவனித்தாள். இருக்கை சும்மா கிடந்தது. அப்படியானால் பின் சக்கரங்கள் இல்லை. பிரேக்கை லேசாக மிதித்தாள். உதறல் கூடவும் இல்லை, மாறவும் இல்லை. அப்படியானால் பிரேக் டிஸ்க்கும் இல்லை. மெதுவாகப் போகும்போது வண்டி தவ்வாததால் டயர் பிரிந்தோ ரிம் வளைந்தோ போகவில்லை.

"முன் சக்கரத்துல பேலன்ஸ் இல்ல. வேற ஒண்ணுமே இல்ல" என்றாள்.

"நீங்க போட்டு ஒன்பது நாள்தான் ஆகுதுக்கா" என்றான் ஓபுரா.

கடைக்கு வந்து முன் சக்கரம் இரண்டையும் கழற்றினாள். ஒரு ஈயக் கட்டிகூட இல்லை. மூப்பர் இரண்டாவது முறை சண்டை போட்ட பிறகு, கட்டியும் ரிம்மும் சேருமிடத்தில் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இழுத்து வைத்திருந்தாள். கோட்டில் பாதி ரிம்மில் இருந்தது. மறு பாதி கட்டியோடு போயிருந்தது. விளிம்பில் புதிதாகக் குறடு பட்ட கீறல்.

"வண்டியை எங்கயெல்லாம் நிறுத்தின?"

"எங்கயும் இல்லக்கா. ஸ்டாண்டு, வீடு. சனிக்கிழமை ஏரியில கழுவ விட்டேன்."

மறுநாள் புதுக் கட்டிகள் மாட்டி, மஞ்சள் கோடு இழுத்து, அதே வேனை ஏரிக்கரைக்கு அனுப்பினாள். அவள் முன்னாலேயே போய் மீன்கடைப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கரையே அவளுக்குப் பிடிக்காது. ஆகாயத்தாமரை அழுகும் நாற்றம். தண்ணீரில் வண்டிகளை அச்சு முங்க நிறுத்திக் கழுவுவார்கள். எஞ்சின் ஆயில் நிறம் நிறமாக மிதக்கும். பத்தடி தள்ளி அதே தண்ணீரை மொண்டு மீன் கழுவுவார்கள். அவள் முன்னால் பொரித்த மீனும் உகாலிக் களியும் வைத்துவிட்டுப் போனார்கள். தொடவே தோன்றவில்லை.

வண்டி கழுவுகிற ஓலோ நரைத்த தாடிக்காரன். டிரைவர்கள் சாப்பிட உட்காரும் வரை பொறுமையாக சோப்பு தேய்த்தான். பிறகு முன் சக்கரத்தருகே குனிந்தான். இடுப்பிலிருந்து குறடு வந்தது. கட்டி ஒவ்வொன்றாகப் பால் டின்னுக்குள் விழும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

செருப்போடு தண்ணீரில் இறங்கி டின்னைப் பிடுங்கினாள்.

"யோவ், வெட்கமா இல்ல? நான் தட்டி மாட்ட மாட்ட நீ பிடுங்குறியா?"

"கத்தாதீங்கக்கா. வலைக்குத்தான். ஈயம் கட்டினாத்தானே வலை முங்கும்? கிலோ கணக்குல எடுத்துக்கிறாங்க."

"யாரு எடுத்துக்கிறாங்க?"

ஓலோ மோவாயால் மரத்தடியைக் காட்டினான். அங்கே நாலு பேர் புது வலையின் கயிற்றில் ஈயத்தை மடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சிலதைச் சரியாக அடிக்கக்கூட இல்லை. இருபது, முப்பத்தைந்து என்று கிராம் எண்கள் அப்படியே தெரிந்தன. மூன்று நான்கு கட்டிகளில் மஞ்சள் பெயிண்ட்.

"இது யார் வலை?"

"மூப்பரோடது" என்றார்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அபொண்டிக்கு வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில். ஊரை ஏமாத்திப் பிழைக்கிறவள் என்று நாலு பேர் முன்னால் யாரை யார் சொன்னது! அவர்களில் ஒருவனிடம் கத்தியை வாங்கி ஒரு முழம் கயிற்றை ஈயத்தோடு அறுத்து எடுத்துக்கொண்டாள். ஓலோவிடம், "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நீயும் வர்ற. வரலன்னா நாப்பது டிரைவரையும் இங்கயே கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளி மதியம் சபை மண்டபத்தில் கூட்டம். ஜெபம் முடிந்ததும் மூப்பர் தொண்டையைச் செருமி, "கைவேலை சுத்தமில்லாத ஒரு கடையைப் பத்தி" என்று தொடங்கினார். அபொண்டி எழுந்துபோய் அவர் முன் மேசையில் கயிற்றை வைத்தாள். அஹெரோ சாலையிலிருந்து ஏரி வரை நடந்ததைச் சொன்னாள். டிரைவர்கள் எழுந்து வந்து கட்டிகளைத் தடவிப் பார்த்தார்கள்.

மூப்பர் அசரவில்லை. "நான் காசு கொடுத்து ஈயம் வாங்குறேன். எவன் எங்கேருந்து கொண்டுவரான்னு நான் பார்த்துக்கிட்டா இருக்க முடியும்?"

பின்னால் நின்றிருந்த ஓலோவுக்கு அது பொறுக்கவில்லை. "இப்படிச் சொன்னா எப்படி, மூப்பரே? வண்டியிலேருந்து எடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதைத்தான்டா நானும் கேக்குறேன்! என் வண்டியைத் தவிர எதுல வேணா எடுத்துக்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், இல்லையா?"

"எல்லாம் வெள்ளை வேன். தண்ணிக்குள்ள நிக்கும்போது எது உங்களுதுன்னு எனக்கென்ன தெரியும்?"

தன் வாயால் என்ன சொன்னோம் என்று மூப்பருக்கு உறைக்கவே இல்லை. தன் வண்டிக்கு நடந்த அநியாயத்தை எல்லாரும் இப்போதுதான் புரிந்துகொண்டார்கள் என்ற நினைப்பில் நின்றார். அந்த வேன்களில் தினமும் மனிதர்கள் போகிறார்கள். ஒன்று உதறி வயலில் கவிழ்ந்திருந்தாலும் இந்த ஆள் முதல் வரிசையில் உட்கார்ந்து இறுதி ஜெபம் செய்திருப்பார். அவர் முகத்தைப் பார்க்கவே அபொண்டிக்குக் கூசியது.

டிரைவர்கள் கத்தத் தொடங்கினார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். பிடி நழுவுவது தெரிந்ததும் மூப்பர் விரலை அபொண்டி பக்கம் நீட்டினார்.

"இவ என்ன பெரிய யோக்கியமா? ஆறு மாசம் நிக்க வேண்டிய வேலைக்கு ரெண்டு வருஷமா உங்க வண்டியெல்லாம் மூணு வாரத்துக்கொரு தடவை இவகிட்டதானே போச்சு? புதுக் கூரையும் ரெண்டாவது மிஷினும் வேற எப்படி வந்துச்சாம்?"

"பேச்சை மாத்தாதீங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவளுக்காகத்தான் கத்தினார்கள். கடை மாற வேண்டாம் என்றும் அலேகோக்காரி கைவேலை சுத்தம் என்றும் அங்கேயே கை தூக்கினார்கள். அவள் கேட்க வந்தது அதுதான்.

ஓபுரா மட்டும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தான். அவனிடம் கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்.

"அக்கா, இத்தனை தடவை சக்கரத்தைக் கழட்டினீங்களே. ஒரு கட்டிகூட இல்லாம வந்திருக்குமே. இதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு தடவைகூட சந்தேகம் வரலையா?"

சக்கரம் குழியில் விழுந்து கட்டி தெறித்திருக்கும் என்று சொல்லலாம். இரண்டு வருடமாகக் கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தாள். மஞ்சள் பெயிண்ட் டப்பா அந்த இரண்டு வருடமும் கடை அலமாரியில்தான் இருந்தது.

"வந்துச்சு" என்றாள் அபொண்டி. "வேலை வருதேன்னு விட்டுட்டேன்."