சித்தி கால் ஊன்றாமல் ஓட்டிய கதை

என் சித்தி இருபத்திரண்டு வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவர். வண்டி கொஞ்சம் சாய்ந்தால் போதும், அவர் யோசிப்பதற்கு முன்பே இடது கால் இறங்கித் தரையைத் தொட்டுவிடும். ஸ்கூட்டரில் அது நல்ல பழக்கம், விழாமல் காப்பாற்றும். நான்கு சக்கர வண்டியில் அதே பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

சித்தி ஒரு பெரிய பழத்தோட்டத்தில் வால்வு பார்க்கிறார். மலைச்சரிவில் வரிசை வரிசையாக மரங்கள். சரிவு முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள், அவற்றில் அறுபத்திரண்டு வால்வுகள். எதை எப்போது திறப்பது, எத்தனை திருகு திருகுவது, எது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் சித்திக்கு மனப்பாடம். நடந்து போனால் ஒரு சுற்றுக்கு அரை நாள் ஆகிறது என்று தோட்டத்துக்கு ஒரு ஏ.டி.வி. வாங்கினார்கள். அகலமான நான்கு டயர், மோட்டார் சைக்கிளில் இருப்பது போல ஹேண்டில்பார், ஒரே ஒருவர் உட்காரும் சீட்டு, இரண்டு பக்கமும் கால் வைக்கத் தட்டு. பச்சை நிறம். முன்னால் இரண்டு விளக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். எல்லோரும் அதைத் 'தவளை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

விபத்து நடந்த அன்று சித்தி தவளையைச் சரிவில் குறுக்காகத் திருப்பியிருக்கிறார். பின்னால் இடது பக்கம் மட்டும் ஒரு குழாய்க் கட்டு. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது, இடது கால் தானாக இறங்கியது. பின் சக்கரம் குதிகாலில் ஏறி ஆளை இழுத்துக் கீழே போட்டது. தவளை அவரை விட்டு விலகி உருண்டு, ஒரு மரத்தில் முட்டி, நான்கு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. ஹெல்மெட்டில் நீளமாக ஒரு கீறல். கணுக்காலில் முறிவு. ஹெல்மெட் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டேன்.

மாவுக்கட்டு ஆறு வாரம், கைத்தடி ஒரு மாதம். திரும்பி வேலைக்குப் போனதும் பழப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

"இங்கயே நல்லாத்தான் இருக்கு. நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு," என்றார் சித்தி.

அதைச் சொன்ன முகத்தைப் பார்க்க வேண்டுமே! மருந்து குடித்த குழந்தை முகம். வீட்டுக்கு வந்தால் முடியில் இரண்டு லேபிள் ஒட்டியிருக்கும். சாப்பிடும்போது, "முப்பத்தெட்டாவது வால்வ இன்னைக்கு யார் திறந்தாங்களோ, பாவி, முழுசாத் திருகியிருப்பான்," என்று தட்டைப் பார்த்துப் பேசுவார்.

ஒரு நாள் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள வண்டிய ஓட்டிக் காட்டுங்கம்மா. காட்டிட்டா வால்வு உங்களுக்கு. இல்லன்னா வேற ஆள் போட்டுடுவேன், உங்களுக்கு லேபிள்தான் நிரந்தரம்."

மாதக் கடைசிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

மறுநாள் மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, கொட்டகை முன்னால் இருந்த சமதளத்தில் சித்தி தவளைமேல் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து மெக்கானிக் இடுப்பில் கை வைத்து நின்றார். அவரும் சித்தியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அந்த உரிமையில் வாய் கொஞ்சம் நீளம்.

சித்தி மெதுவாக நகர்ந்தார். முதல் வளைவு வந்தது. இடது கால் இறங்கியது.

"காலு! காலு!" என்று மெக்கானிக் கத்தினார். வண்டி நின்றது. "இங்க மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. இங்கயே காலை விடுற. சரிவுக்குப் போனா என்ன கதி?"

"நானா விடுறேன்? அதுவா போகுது!"

ஐந்து சுற்றில் நான்கு முறை அதுவாகப் போனது. மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க?"

"சுடுகாட்டுக்குப் போக எனக்கு இப்ப நேரமில்ல. நீ போய் ஸ்பேனரைத் தொடை," என்றார் சித்தி. ஆனால் அன்று சாப்பாட்டில் பாதி மிச்சம் வந்தது.

அடுத்த நாள் காலை அவர் வேலைக்குப் போக ஸ்கூட்டரில் கிளம்பினார். வாசல் கேட்டருகே வேகத்தைக் குறைத்தார். கால் ஊன்றினார். அப்படியே நின்றுவிட்டார். ஏதோ மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

"மதியம் காலை விடாதேன்னு பாடம். காலையிலயும் சாயங்காலமும் நானே இதுல போய் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுறேன். எப்படி உருப்படும்?" என்றார். உடனே உள்ளே வந்து சாவியைச் சித்தப்பா கையில் திணித்தார். "இனிமே நீங்கதான் ஓட்டறீங்க. நான் பின்னால."

சித்தப்பா தையல்காரர். லைசென்ஸ் எடுத்ததோடு சரி, அதன் பிறகு வண்டியைத் தொட்டதில்லை. "நானா? தையல் மெஷினைத் தவிர நான் எதையும் மிதிச்சதில்லையே!"

"இதுல மிதிக்கவே வேணாம். முறுக்கினா போதும்."

ஒரு மணி நேரம் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா சாலைக்கு வந்தார். எங்கள் தெருவே வாசலில் நின்று பார்த்தது. வேகத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை, பின்னால் ஓர் ஆமை வந்திருந்தால் ஹாரன் அடித்திருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி ஆடும். சித்தியின் கால் துள்ளி இறங்கும்.

"காலை எடுக்காத! நான் பாத்துக்கறேன்!"

"நீங்க பாத்துக்கறதுதாங்க பயமே!"

முதல் நாள் பதினொரு முறை கால் தரையைத் தொட்டது. எண்ணியது சித்தியே. ஐந்தாம் நாள் நான்கு. பத்தாம் நாள் தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே ஓடி, சித்தப்பா அலறி, வண்டி பாம்பு போல நெளிந்து நின்றபோதுகூட சித்தியின் இரண்டு பாதமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "இவர் பின்னால காலை விடாம உக்காந்தவ, எது மேலயும் உக்காருவா!" இதில் யாரும் எதிர்பாராத லாபம், சித்தப்பாவுக்கும் வண்டி ஓட்ட வந்துவிட்டது.

மதிய நேரத்துப் பயிற்சியும் நிற்கவில்லை. சமதளத்தில் எட்டுப் போட்டார். பிறகு சரிவில் தினமும் இரண்டு வரிசை மேலே. குழாய்க் கட்டை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துக் கட்டினார். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்தார். இறங்கும்போது சின்ன கியர். பயம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்: "கால் தட்டுல. கண் தூரத்துல. கட்டைவிரல் மெதுவா." ஆக்ஸிலேட்டர் கட்டைவிரலால் அழுத்துவது என்பதால் அந்த மூன்றாவது. மந்திரம் ஓதுகிறார் என்று மெக்கானிக் கிண்டல் செய்தார். ஓதியது பலித்தது.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் மழை. சூப்பர்வைசர் கனமான உடம்புக்காரர், புது ஷூ வேறு. கையில் ஒரு படிவம். மேல் சரிவில் பன்னிரண்டு வால்வு மட்டும் போதும் என்று சொல்லி நடந்தே பின்னால் வந்தார். அவருடைய குடையைச் சுமந்துகொண்டு நானும் போனேன்.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது, முப்பத்தெட்டாம் எண் வால்வு. அவர் விழுந்த அதே சரிவு. சித்தி என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, இறங்கி, குதிகாலால் மண்ணை அழுத்தினார். தண்ணீர் கசிந்தது.

"இதுல வண்டி இறங்காது சார்."

"பயமாம்மா?"

"பயமும் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல, மண்ணைப் பாருங்க. இந்த வால்வுக்கு நான் நடந்து போறேன்."

"சரிவுல இறங்கணும்னு படிவத்துல போட்டிருக்கே."

"அந்தப் பக்கம் கல்லுப் பாதை காஞ்சு கிடக்கு. அதுல இறங்கிக் காட்டறேன்."

நடந்து போய்த் திறந்துவிட்டு வந்தார். பிறகு தவளையைக் கல்லுப் பாதைக்குக் கொண்டுபோய், நேராகக் கீழே இறக்கினார். பாதி வழியில் இடது முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்தது. வண்டி சாய்ந்தது. நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அந்த இடது காலை மட்டும் பார்த்தேன். பெருவிரல் பக்கம் ஷூ ஒருமுறை தூக்கியது. அவ்வளவுதான். பாதம் தட்டை இறுக்கிப் பிடித்தது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது, தவளை குழியிலிருந்து ஏறி நிமிர்ந்தது. கீழே போய் நிறுத்தியதும் சித்தி சிரித்த சிரிப்பு மேலே எங்களுக்கே கேட்டது.

சூப்பர்வைசர் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்து சேர்ந்தார். புது ஷூ சேற்றில் அடையாளம் தெரியவில்லை. கொட்டகை இரண்டு கிலோமீட்டர். தவளையைப் பார்த்தார். "பின்னால நானும் உக்காந்துக்கறேம்மா. கையெழுத்தை ஆபீஸ்ல போய்ப் போட்டுக்கலாம்."

"முடியாது சார்."

கையெழுத்து இன்னும் விழவில்லையே!

"ஒருத்தர் வண்டி சார் இது. பின்னால ஆள் ஏறினா மேட்டுல முன்சக்கரம் தூக்கிடும்."

"நான் அவ்வளவு வெயிட்டுன்னா சொல்றீங்க?"

"ஐயோ இல்ல சார். இதோ இந்தக் குச்சி ஏறினாலும் அதேதான்." குச்சி என்றது என்னை.

அவர் சித்தியைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு படிவத்தை மரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நாளையிலேருந்து வால்வு உங்களுது. அந்த ஈரச் சரிவுல யாரும் வண்டிய இறக்கக் கூடாதுன்னும் எழுதிட்டேன்."

சித்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் நடந்தோம்.

"உங்க சித்தி வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல இன்னும் மோசம் சார்."

பாதி வழியில் அவர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது சித்தி லேபிள் மேசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அடுத்து வரப்போகிறவருக்காக ஃபேனை நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.