மாடு தின்ற துரும்பு

போன மாசம் எங்கள் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். அவரை நினைத்தால் எனக்கு இன்னமும் முதலில் சிரிப்புதான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான் வருகிறது. வாயைத் திறந்தால் லயமே சிரிக்கும், அவர் அப்படிப்பட்ட ஆள்.

அந்த வாய்தான் ஆத்தாவுக்கு ஆகவில்லை. "பேசுற வாயில பாதி கை வேல செஞ்சிருந்தா நம்ம எப்பவோ கரையேறியிருப்போம்" என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் பிரிந்தே விட்டார்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கெல்லாம் பதுளைக் கோர்ட்டுக்கு யாரும் நடப்பதில்லை. கூலியாட்களை மேய்க்கிற பெரிய கங்காணி வீட்டு வாசலில் ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டால் புருசன் பெண்டாட்டி தீர்ந்தது. பெண் பிள்ளை ஆத்தாவோடு, ஆண் பிள்ளை அப்பனோடு. இது கங்காணி சொன்ன தீர்ப்பு. நான் ஆத்தாவோடு மேமலை லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். தம்பி அப்பாவோடு கீழ்மலை லயத்தில் இருந்தான்.

எங்களை யாரும் கேட்கவில்லை. ஆத்தா விடிவதற்கு முன்னாலேயே எழுப்பி, எண்ணெய் தடவி, கண் சிறுத்துப்போகிற அளவுக்கு இழுத்துப் பின்னிவிடும். அதற்கு அப்புறம் அந்த வீட்டில் சிரிக்க ஒன்றும் இருக்காது. தம்பிக்கோ வயிற்றுப்பாடு. இரண்டு லயத்துக்கும் நடுவில் ஒரு பீலி உண்டு. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் அங்கே சந்தித்துக்கொள்வோம்.

"ஆத்தா இன்னைக்கு என்னா ஆக்குச்சு?"

"கீரக் கொழம்பு."

அவன் எச்சில் விழுங்குவான். "அப்பா சுட்ட ரொட்டிய நாய்க்குப் போட்டேன் அக்கா. நாய் என்னையத் திரும்பிப் பாத்துச்சு."

"அப்பா என்னா சொன்னாரு?"

அவன் அப்பாவைப் போலவே பேசிக் காட்டுவான். பாதியில் கெடுத்துவிடுவான். எனக்கு அதை அப்பா வாயாலேயே கேட்க வேண்டும் போல இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமாகக் கங்காணி வீட்டுக்குப் போனோம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மாடு மானாப்புல் தின்றுகொண்டிருந்தது.

"கங்காணி ஐயா, எங்கள மாத்தி விடுங்க. நான் அப்பாகிட்ட போறேன், தம்பி ஆத்தாகிட்ட வரட்டும்."

"புள்ளைங்க என்னா கொழுந்துக் கூடையா, மாத்தி மாத்தி மாட்டிக்கிறதுக்கு?" என்றார். ஆனாலும் ஆள் அனுப்பி ரெண்டு பேரையும் வரச் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். ஆத்தா பாத்திரம் தேய்த்த சாம்பல் கையோடு வந்தது.

"துரும்பு கிள்ளி வச்ச தீர்ப்பு. அத மாத்த ஏலாது" என்றார் கங்காணி.

துரும்பால் ஆனதைத் துரும்பால்தானே மாற்ற வேண்டும்? எனக்கு அப்போது அப்படித்தான் பட்டது. மாட்டின் முன்னால் கிடந்த புல்லில் காய்ந்த தண்டு ஒன்றை எடுத்துக் கிள்ளிப் போட்டேன்.

"எனக்கும் ஆத்தாவுக்கும் தீந்துபோச்சு."



"பெத்தவள அத்துவிடுறாளே! இத யாருகிட்டடி படிச்ச?" என்றது ஆத்தா.

"ஒங்கிட்டதான்" என்றார் அப்பா.

ஆத்தாவுக்கு உதடு துடித்தது. அழவா சிரிக்கவா என்று அதற்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மாடு நாக்கை நீட்டி, நான் போட்ட இரண்டு துண்டையும் சுருட்டி உள்ளே தள்ளியது. கங்காணி சிரித்த சிரிப்பில் எண்ணெய் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "போங்க, மாத்திக்கிட்டுத் தொலைங்க" என்றார்.

ஆத்தா என் பின்னலை அவிழ்த்து, எப்போதும் போல இறுக்கிப் பின்னி, அப்புறம்தான் அனுப்பியது.

ரொட்டி விஷயத்தில் தம்பி பொய் சொல்லவில்லை. நானும் அப்பாவும் அதை மென்று மென்று, தோட்டத் துரை எப்படித் தின்பார், கணக்கப்பிள்ளை எப்படித் தின்பார் என்று நடித்துக் காட்டியே வயிற்றை நிறைத்தோம். காய்ச்சலில் படுத்தபோதும், மருந்துக் கசாயத்தைத் துரை குடிப்பது போல சுண்டு விரலைத் தூக்கித்தான் குடித்தார்.

அவரைப் புதைத்த மறுநாள் ஆத்தா தம்பியோடு கீழ்மலைக்கு வந்தது. தீர்ந்துபோன புருசன், அதனால் உள்ளே வந்து ஒப்பாரி வைக்க அதற்கு உரிமை இல்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இனி எனக்கென்று எந்த லயமும் இல்லை. அத்துவிட்ட ஆத்தாவிடம் போய்க் கேட்க முடியுமா?

"எந்திரி. துணிய எடு" என்றது.

"நாந்தான் ஒனக்கும் எனக்கும் துரும்பு கிள்ளிப் போட்டேனே ஆத்தா."

"எங்க, அந்தத் துரும்பக் காட்டு பாப்போம்? அதத்தான் அன்னைக்கே மாடு தின்னுருச்சே. வாடி."

அப்பா கேட்டிருந்தால் இதைத் தான் சொன்னதாகவே மலை முழுக்கச் சொல்லியிருப்பார். அவர் படுத்திருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது.

நான் துணியைக் கட்டி முடிப்பதற்குள் தம்பி அடுப்படிக்குப் போய் அப்பாவின் ரொட்டிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் சுட்டதைத் தின்ன முடியாமல் ஓடிப்போனவன் அவன். மேமலை ஏறுகிற வரைக்கும் அதை யார் கையிலும் கொடுக்கவில்லை.