செல்வராசாவும் ஆந்தைகளின் மைதானமும்

செல்வராசாவின் கழுத்தில் ஒரு திறப்பு தொங்கியது. கறுப்புச் சப்பாத்துக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள்ளே விட்டிருப்பார். ஜேர்மனியில் எர்லாங்கனுக்கு அடுத்த எங்கள் சிற்றூரின் பேஸ்போல் மைதானத்துப் படலையையும் அதன் மூலையிலிருந்த தகரக் கொட்டிலையும் திறக்கும் சாவி அது. 2006ஆம் ஆண்டு பனி கரைந்த கையோடு சங்கத் தலைவர் பிராண்டல் அதை அவரிடம் கொடுத்தார். கோடுகளுக்குச் சுண்ணாம்பு போடவும் குப்பை பொறுக்கவும் வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். செல்வராசா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று அவருடைய மனைவி சந்திரகாந்தி என்னிடம் குறைப்பட்டாள்.

எங்களுக்கு ஒரே கட்டடத்தில் குடியிருப்பு. மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் உண்டு. பராமரிப்புப் பயிற்சி எடுத்து, அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அதன் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு சூப்புக்குப் பொறுப்பானவர் செல்வராசா. அகதியாக வந்தது, முகாமில் இருந்தது, வேலை செய்ய அனுமதி இல்லாமல் சுவரைப் பார்த்தது எல்லாம் எங்களில் பலருக்கும் நடந்தவை. விரித்து எழுத ஒன்றுமில்லை. அவரிடம் தனியாக இருந்தது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் கிரிக்கெட் அணிக்கு ஆடியவர். ஆடியவர் என்று அவர் சொல்வார். வெளியில் இருந்த மேலதிக ஆள் என்றும், மட்டை பிடித்ததைவிட றோலர் இழுத்துத் தரை சமப்படுத்தியதுதான் கூட என்றும் சந்திரகாந்தி சொல்வாள்.

எங்கள் ஊரில் கிரிக்கெட் இல்லை. அமெரிக்கப் படையினர் பழக்கிவிட்டுப் போன பேஸ்போல் இருந்தது. மட்டை உருண்டையாக இருந்தாலும் மட்டைதானே என்று அவர் போய் உட்கார்ந்தார்.

உள்ளூரில் ஆட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இல்லத்துக்கு உதவியாகப் போவேன். கெஸ்லர் என்ற கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மைதானத்துக்குத் தள்ளி வருவேன். சின்ன வயதில் படைமுகாம் வேலிக்கு வெளியே நின்று இந்த விளையாட்டைப் பழகியவர் அவர். எங்களோடு முகுந்த் என்ற சென்னைப் பொறியியலாளரும் இருப்பார். எர்லாங்கனிலிருந்து சைக்கிளில் வருவார், உட்கார்ந்த பிறகும் தலைக்கவசத்தைக் கழற்றமாட்டார். அந்தக் கோடையில் நாடு முழுக்க உலகக் கிண்ண உதைபந்தாட்டக் கொடிகள். எங்கள் பலகை வாங்கில் நாங்கள் நாலு பேர்.

அணியின் பெயர் ஆந்தைகள். தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

கெஸ்லருடன் எல்லோரும் டொச்சில்தான், ஜேர்மன் மொழியில்தான், பேசுவார்கள். நான் அவரவர் தமிழில் எழுதுகிறேன்.

"அடிதான் முதல் பிரச்சினை," என்றார் செல்வராசா. "மூண்டு பேர் வரிசையா வந்து காத்துக்கு அடிச்சிட்டுப் போறாங்கள். கையில விசிறியைக் குடுத்தால் அடுப்பாவது பத்தும்."

"பேட்டிங் மோசம்தான் அங்கிள். ஆனா போன வருஷமும் இதே மோசம்," என்றார் முகுந்த். "மாறினது பிட்சிங். ஃப்ளோரியன் தாழ்வாத்தான் போடறான், அவங்க அடிக்கிறதெல்லாம் தரையோடதான் போகுது. போன வருஷம் அதெல்லாம் அவுட். இப்ப எல்லாம் நடுவுல பூந்து போயிடுது. எப்படி?"

பேஸ்போலில் பந்து தரையில் குத்தி வருவதில்லை, எறிகிறவன் கையிலிருந்து நேரே மட்டைக்கு வரும். அடித்த பந்து தரையோடு உருண்டால், உள்வட்டத்தில் நிற்பவன் அதைப் பொறுக்கி, அடித்தவன் ஓடிச் சேரும் முன் முதல் மூலைக்கு எறிய வேண்டும். எறிந்துவிட்டால் ஆள் வெளியே. ஃப்ளோரியன் எறிகிற எறியே எதிரியைத் தரையோடு அடிக்க வைக்கிற எறி. பந்து மெதுவாக உருண்டால்தான் அவன் பிழைப்பான். இதை எனக்கு விளக்கியவர் கெஸ்லர்தான். விளக்கிய கையோடு, ஃப்ளோரியன் குடித்துவிட்டு வருகிறான் என்றும் சொன்னார்.

"குடிச்சால் கை நடுங்கும். இவன்ர கை நடுங்கேல்லை," என்றேன்.

"அப்படியென்றால் விலை போய்விட்டான். பக்கத்து நகரத்து அணி அவனைக் கூப்பிட்டிருக்கும். இங்கே தோற்றால்தானே அவனைப் போக விடுவார்கள்," என்றார் கெஸ்லர்.

"அதுதான்," என்றார் செல்வராசா. "கண்ணைப் பாருங்கோ அக்கா. கள்ளக் கண்."

"வெயில் நேரே அடிக்குது தம்பி. சுருக்காமல் என்ன செய்வான்?"

முகுந்த் தலைக்கவசத்தைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "வெளியூர் மேட்ச்ல நல்லாத்தான் போடறான் அங்கிள். இங்கதான் அடி வாங்கறான்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். கெஸ்லர் நாற்காலியில் நிமிர்ந்தார். எறிகிறவன் என்ன பந்து போட வேண்டும் என்று, பிடிக்கிறவன் தொடைகளுக்கு நடுவில் விரலால் சைகை காட்டுவான். அதை யாரோ பார்த்து எதிரணிக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்றார். உள்ளூர் ஆள். பிடிக்கிறவனுக்கு நேரே பின்னால் உட்காருகிற ஆள்.

பிடிக்கிறவனுக்கு நேரே பின்னால் உட்காருகிறவர்கள் நாங்கள் நாலு பேரும்தான்.

அன்றிலிருந்து வாங்கில் பேச்சுக் குறைந்தது. முகுந்த் தன் சைக்கிளை எங்களுக்கு அருகில் நிறுத்தாமல் வேலியோடு பூட்டினார். நான் கிழவரின் போர்வையைச் சரிசெய்ய நிமிர்ந்தால்கூட எதிரணி வாங்கைப் பார்க்கிறேனா என்று கெஸ்லர் கவனித்தார். செல்வராசாவுக்கோ ஒரு பழக்கம் இருந்தது. உட்கார்ந்தபடியே உள்வட்டத்துப் பெடியளை இடம் வலம் என்று கையால் நிறுத்துவார். அவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்ததேயில்லை. பிராண்டல் பார்த்தார்.

ஒரு தோல்விக்குப் பிறகு எங்களிடம் வந்து நின்றார்.

"அந்தக் கைகளால் யாருக்கு என்ன சொல்கிறாய்?"

"பெடியளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுறன்."

"இனி கையை மடியில் வை. அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் ஃப்ளோரியன் எறியமாட்டான். அப்போதும் இப்படியே நடந்தால், படலைத் திறப்பு யாரிடம் இருப்பது என்று பேசுவோம்."

செல்வராசா சட்டைக்கு மேலால் திறப்பைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு ஃப்ளோரியனைப் பற்றி அவர் சொல்லாத குற்றமில்லை. அவன் சப்பாத்துக் கட்டுகிற விதம்கூடச் சரியில்லையாம். தன் தலைக்கு வருவதை இன்னொருவன் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். இவர்தான் அந்த ஆளோ என்றும் நினைத்தேன். எண்ணெய் எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சொல்லும் சமையல்காரர்களை எனக்குத் தெரியும். கேட்காமலே மற்றவனைக் கைகாட்டுவார்கள்.

அந்தக் கிழமைதான் சந்திரகாந்தி என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்தாள் ஞாயிற்றுக்கிழமை விடியவெள்ளன எழும்பிப் போகுது. கேட்டால் கோடு போடப் போறனாம். கோடு போட இவ்வளவு நேரமோ? வேர்த்து விறுவிறுத்து வருது. வந்த கையோட உடுப்பைத் தானே தோய்க்குது. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில ஒரு கைக்குட்டை தோய்ச்சிருக்குமோ?"

"ஆரையும் சந்தேகப்படுறீரோ?"

"டெனிஸ் விளையாட வாற ஒருத்தி இருக்கிறாள். மைதானத்துக்குப் பக்கத்து வேலி. ஒருக்கால் பாருங்கோவன். நீங்கள் போனால் ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்."

கிழவி என்றால் எங்கேயும் நிற்கலாம். உண்மைதான்.

ஞாயிறு காலையில், இல்லத்துக்குப் போடும் மெல்லிய மேலங்கியை மாட்டிக்கொண்டு போனேன். அந்த யூலையில் மழையே இல்லை, விடியலிலேயே புழுங்கியது. படலை திறந்திருந்தது. டெனிஸ் மைதானத்துக்கும் எங்கள் மைதானத்துக்கும் நடுவேயுள்ள கம்பிவேலி ஓரிடத்தில் அவிழ்ந்து மடிந்து கிடந்தது. உள்வட்டத்தின் செம்மண்ணில் செல்வராசா, பெனியனோடு, மாடு மாதிரிக் குனிந்து ஒரு இரும்பு றோலரை இழுத்துக்கொண்டிருந்தார். டெனிஸ்காரர் தங்கள் தரையை இறுக்க வைத்திருக்கிற றோலர். அதை யாரோ இடம் மாற்றி வைக்கிறார்கள் என்று பேக்கரியில் ஒரு டெனிஸ்காரி புகார் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவர் என்னைக் கண்டு நின்றார். "வாங்கோ அக்கா," என்றார், வீட்டு வாசலில் நிற்பவர் போல.

"இது எப்ப தொட்டு?"

"திறப்புத் தந்த நாள் தொட்டு. இஞ்ச விளையாட்டு இருக்கிற நாளெல்லாம். கேட்டால் றோலர் தரமாட்டாங்கள், அதுதான் கேக்கேல்லை. பாருங்கோ தரையை. கண்ணாடி மாதிரி."

என் மேலங்கிப் பையில் கெஸ்லரின் ரப்பர் பந்து இருந்தது. விரல்கள் விறைக்காமலிருக்க அவர் பிசைகிற பந்து. அதை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டேன். இல்லத்தில் அது கை தவறி விழுந்தால் மெழுகிய நடைபாதையில் ஓடிச் சாப்பாட்டறைக் கதவில் முட்டும். இங்கேயும் அப்படியே ஓடியது. புல் தொடங்கும் இடத்தைத் தாண்டித்தான் நின்றது.

செல்வராசா பந்தைப் பார்த்தார். பிறகு உள்வட்டத்தைப் பார்த்தார்.

"தரை எண்டால் உருட்டத்தானே வேணும்," என்றார். "உருட்டாத தரையில ஆரும் விளையாடுவினமோ?"

"இதில பந்து தரையில குத்தியோ மட்டைக்கு வருது?"

"இல்லை."

"பிறகென்னத்துக்கு?"

"பந்து நேர்மையா வரட்டும் எண்டு."

"நேர்மையாத்தான் வருது. பொறுக்க ஏலாத வேகத்திலயும் வருது."

அவர் றோலரின் கைபிடியில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. முகம் சிவந்திருந்ததால் நாடி பிடித்துப் பார்த்தேன், பரவாயில்லை.

"ஃப்ளோரியன்ர பந்து," என்றார். பெனியனால் முகத்தைத் துடைத்தார். "பிராண்டலிட்டச் சொல்லப் போறீங்களோ?" என்று கேட்டார்.

"நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லாட்டில் அந்தப் பெடியன் இண்டைக்கு வாங்கிலதான் இருப்பான்."

"திறப்பை வாங்கிப்போடுவான் அக்கா."

"ஓம். வாங்குவான்."

வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது. றோலரைத் திரும்ப இழுத்துக்கொண்டுபோய் விட ஒரு பக்கம் பிடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சந்திரகாந்தியிடம் பொம்பிளை ஒருத்தியும் இல்லை, றோலர் என்று சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்தாள். "அங்கயும் அதைத்தான் இழுத்தது, இஞ்சயும் அதுதானோ? ஒருத்தியை இழுத்துக்கொண்டு திரிஞ்சிருந்தாலும் ஊருக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும்."

பிற்பகல் ஆட்டத்தில் ஃப்ளோரியன் வாங்கில் இருந்தான். அவனுக்குப் பதிலாக வந்தவன் உயரமாக எறிந்தான், எதிரணி அவற்றை வேலிக்கு வெளியே அனுப்பியது. கெஸ்லர் என் கையைப் பிடித்தார்.

"பார்த்தாயா? ஃப்ளோரியன் இல்லாமலும் தோற்கிறோம். காட்டிக்கொடுக்கிறவன் இன்னும் இங்கேதான் இருக்கிறான்."

முகுந்த் செல்வராசாவைப் பார்த்தார். பார்க்காதது போலவும் பார்த்தார். செல்வராசாவின் கைகள் மடியில் கிடந்தன. அணிகள் மாறுகிற இடைவெளியில் அவர் எழுந்தார். சத்தியமாக, வீட்டுக்குப் போகிறார் என்றே நினைத்தேன். பிராண்டலிடம் போனார். கயிற்றைத் தலைக்கு மேலால் கழற்றும்போது அது காதில் சிக்கியது, இழுத்து எடுத்தார்.

"நான்தான் தரையை உருட்டினனான். எல்லா ஆட்டத்துக்கும். ஃப்ளோரியனில பிழையில்லை."

பிராண்டல் நம்பவில்லை. "யாருக்காகச் சொல்கிறாய்? ஃப்ளோரியன் கேட்டானா?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"வெயிலில் தரை காய்ந்து இறுகிவிட்டது. எல்லோருக்கும் தெரியும்."

"வெயில் உருட்டாது. வந்து பாருங்கோ."

இருவரும் செம்மண்ணுக்குப் போனார்கள். பிராண்டல் குதிக்காலால் கிளறினார், மண் பெயரவில்லை. ஒரு பந்தைக் கீழே போட்டுக் காலால் தட்டினார். அது போவதை நின்று பார்த்தார். பிறகு செல்வராசாவின் கையிலிருந்த திறப்பை வாங்கிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஃப்ளோரியனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் செல்வராசாவைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு முன் பிராண்டலே மண்ணைக் கொத்திக் கிளறித் தண்ணீர் விட்டார். ஃப்ளோரியன் எறிந்தான். பந்துகள் களைத்த நாய் போல மெல்ல உருண்டு பெடியளின் கையில் போய் நின்றன. அப்படியிருந்தும் ஆந்தைகள் தோற்றார்கள், ஒரேயொரு ஓட்டத்தால். ஒருவரும் அடிக்கவில்லை.

"அடிதான் முதல் பிரச்சினை எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்றார் செல்வராசா.

"கொஞ்ச நாளைக்கு நீங்க எதுவும் சொல்லாதீங்க அங்கிள்," என்றார் முகுந்த். ஆனால் சைக்கிளை மறுபடி வாங்குக்கு அருகில் நிறுத்தியிருந்தார்.

ஓகஸ்ட் மாதம் திறப்பு திரும்பி வந்தது. பிராண்டல் மன்னித்துக் கொடுக்கவில்லை. அவர் போட்ட சுண்ணாம்புக் கோடு வளைந்திருந்தது, நடுவர் குறை சொன்னார், ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழும்ப வேறு ஆளும் இல்லை. டெனிஸ்காரர் வேலியைத் தைத்து, றோலரைச் சங்கிலியால் கட்டினார்கள். அந்தப் பூட்டின் திறப்பைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது செல்வராசா மண்ணைக் கிளறுகிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. நல்ல தரையை எதற்குப் புழுதியாக்குவது என்று என்னிடம் மட்டும் சொல்வார். ஆட்டத்துக்கு முன் பிராண்டல் வந்து ஒரு பந்தைக் காலால் தட்டி, அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு செல்வராசாவைப் பார்ப்பார். செல்வராசா மண் கிளறும் வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார், கழுத்துக் கயிறு சட்டைக்கு வெளியே தெரிய.

நானும் அந்தப் பந்து நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் கெஸ்லரின் நாற்காலிச் சக்கரத்துக்குத் தடை போடுவேன்.